பின் அச்சில் அந்த இரண்டு துளைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் துளைகள் கம்பெனி போட்டவையா என்று கேட்டிருக்கிறாய். இல்லை, நான் போட்டவை. நீ இப்போது தேடுகிறாயே பின்பக்க ஸ்டெபிலைசர் பார், இடது வலது சக்கரங்களை இணைத்து வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி, அதை நானும் ஒரு காலத்தில், இப்போது நீ ஓட்டும் அந்தக் காருக்கு மாட்டியிருந்தேன். பிறகு கழற்றிவிட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வளைவில் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறது என்கிறாய். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி பெரும்பாலும் அப்படித்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருக்கின்றன. இழுப்பதும் முன் டயர், திருப்புவதும் முன் டயர். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறவனும் தப்ப வேண்டும் என்று, வேண்டுமென்றேதான் வண்டியை அப்படி அமைக்கிறார்கள்.

ஸ்டெபிலைசர் பார் இதை எப்படி மாற்றுகிறது என்று முதலில் புரிந்துகொள். வளைவில் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகும். எவ்வளவு போகும் என்பதை வண்டியின் எடையும் உயரமும் அகலமும் வேகமும் முடிவு செய்கின்றன; அதில் பாருக்குப் பெரிய பங்கு இல்லை. அதில் முன் ஜோடிக்கு எவ்வளவு, பின் ஜோடிக்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் பாரின் வேலை. ஒரு டயர்மேல் இரண்டு மடங்கு எடை ஏற்றினால் அதன் பிடி இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் எந்த ஜோடியில் எடை ஒருபக்கமாகக் குவிகிறதோ அந்த ஜோடி பிடியை இழக்கும். பின்னால் பாரை விறைப்பாக்கினால் பின் டயர்கள் கொஞ்சம் இழக்கும், முன் ஜோடியில் எடை ஒருபக்கமாகக் குவிவது அந்த அளவு குறையும். வண்டி நன்றாகத் திரும்புகிறது என்று நமக்குத் தோன்றும். புதிதாகப் பிடி எதுவும் வந்துவிடவில்லை, பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

உன் வண்டிக்குப் பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் கிடையாது. சக்கரங்களைத் தாங்கும் இரண்டு பக்கக் கைகளையும் ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கிறது. அது முறுகிக் கொடுக்கும். அந்தச் சட்டமே ஒரு ஸ்டெபிலைசர் பார்தான். நீ வாங்கப்போவது அதற்குத் துணையாக நிற்கும் இன்னொன்று. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரு கைகளிலும் நேராக போல்ட் போட்டு இறுக்குவது: புஷ் என்கிற ரப்பர் போன்ற வளையம் இல்லை, லிங்க் ராடு என்கிற இணைப்புக் கம்பி இல்லை, தேய எதுவும் இல்லை. மற்றொன்று புஷ், லிங்க் எல்லாம் வைத்து பாடியோடு சேர்வது. அதில் பெரும்பாலும் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும், விறைப்பைக் கூட்டிக் குறைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். புஷ் தேயும், பாலியூரித்தேன் புஷ்ஷாக இருந்தால் சிலிகான் கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சிடும், அது வேறு. ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஒரு துளை மாற்றிப் பார்க்கலாமே. முனையின் ஓரத்தில், கை நீளமாக வரும் துளைதான் மிருதுவானது. அதிலேயே தொடங்கு.

தடிமனில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 16 மில்லிமீட்டருக்குப் பதில் 19 மில்லிமீட்டர், மூன்றே மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம். கெட்டிக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 16-லிருந்து 19-க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 22-க்குப் போனால் மூன்றரை மடங்குக்கும் மேல். குழாய் பாரை விட்டத்தை மட்டும் வைத்து எடைபோடாதே, சுவரின் கனத்தையும் கேள். வெளிவிட்டம் 25, சுவர் 3 மில்லிமீட்டர் என்றால் அது கிட்டத்தட்ட 22.5 மில்லிமீட்டர் கெட்டிக் கம்பிக்குச் சமம். எடை மட்டும் பாதி. விற்பவரிடம் சுவரின் கனத்தைக் கேட்டால் பதில் வராவிட்டால் அந்தப் பாரே வேண்டாம்.

இதே மாடலில் வேகமான வகை ஒன்று வந்திருந்தால், அதற்குக் கம்பெனி போட்ட பாரோ அச்சோ உன் வண்டிக்குப் பொருந்துமா என்று முதலில் பார். பளபளப்பான பெயின்ட் இருக்காது, ஆனால் அந்த வண்டியின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் ஏற்றபடி யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டது.

அதற்கும் முன்னால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, பின் அச்சின் புஷ் பிளந்திருக்கிறதா, டயரில் காற்று சரியா என்று பார்த்துவிடு. இத்தனை வயதான வண்டியில் அந்தப் புஷ்களை மாற்றினாலே நீ சொல்லும் குறையில் பாதி போனாலும் போய்விடும்.

சரி, கழற்றிய கதை. நான் வாங்கியது 22 மில்லிமீட்டர், கெட்டி. அந்த வருடம் இரண்டு டயர்தான் புதிதாக வாங்க முடிந்தது. முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று இரண்டையும் முன்னால் போட்டேன். காய்ந்த ரோட்டில் வண்டி பம்பரமாய்த் திரும்பியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மழை நாள், ஒரு நீண்ட வளைவு. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைந்தது. நான் பிரேக்கைக்கூடத் தொடவில்லை, காலை மட்டும் எடுத்தேன். எடை முன்னால் சாய்ந்தது, ஏற்கெனவே பிடி குறைந்திருந்த பின் டயர்கள் நழுவின, வால் சுற்றியது. வந்த திசையையே பார்த்தபடி ரோட்டோரத்தில் நின்றோம். நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வந்துட்டோமாப்பா?" என்று கேட்டாய்.

மறுநாளே பாரைக் கழற்றினேன். அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இந்தப் பகுதியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதே.

பாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மிருதுவானதை வாங்கு, நல்ல டயர்களைப் பின்னால் போடு. அப்புறம் அந்தத் துளைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார். ஓரத்தில் விரிசலோ, துளை நீள்வட்டமாகத் தேய்ந்ததோ தெரிந்தால் அதில் எதையும் மாட்டாதே. அச்சில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதே. மாட்டும்போது நான்கு சக்கரமும் தரையில் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில் லிங்க்கைக் கடைசியாக இறுக்கு, இல்லையென்றால் பார் முறுகியபடியே உட்கார்ந்துவிடும். பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், சைலன்சர் மூன்றும் பாரில் உரசாமல் இருக்கின்றனவா என்று சக்கரம் தொங்கும்போதும் பார், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் பார். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால், சரிபார்.

பழைய பார் தோட்டத்தில் கொடிக்கு ஊன்றியிருக்கிறது. நன்றாக நிற்கிறது, கேட்டாலும் தரமாட்டேன்.

அன்புடன்,
அப்பா