ஜாக் லேட்டன் இருக்கைக்குக் கைகொடுத்த உங்களுக்கு

அன்பான நண்பர்களே, உறவுகளே,

ரொறன்ரோ ரயர்சன் பல்கலைக்கழகத்தில் (2022இலிருந்து அதன் பெயர் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம்), கனடாவின் இடதுசாரிச் சார்புள்ள புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவராக இருந்த ஜாக் லேட்டன் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை, அதாவது நன்கொடை நிதியில் நடக்கிற ஒரு பேராசிரியர் பதவி, அமைந்துவிட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் பலர். பெரிய தொகை தந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் முறைப்படி நன்றி சொல்லும். இந்த மடல், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் நாங்கள் சிலர் நன்கொடைப் படிவத்தோடு வந்து நின்றபோது உள்ளே கூப்பிட்டு இருத்திக் கதைத்த உங்களுக்கு.

முதல் நன்றி, காசு வாங்கும் மேசையிலேயே எங்கள் படிவங்களுக்கு இடம் விட்ட பலசரக்குக் கடை அண்ணைக்கு. "நான் அந்தாளுக்கு ஒருநாளும் வோட்டுப் போடேல்லை, ஆனால் நல்ல மனுசன்" என்று வருகிற எல்லோருக்கும் அவர் சொன்னதை விடப் பெரிய விளம்பரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தரமாட்டேன் என்று சொன்னவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். "கட்சித் தலைவர் ஒருவரின் பெயர் பல்கலைக்கழகத்துக்குள் எதற்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த இருக்கைக்கு யார் வருவது, என்ன படிப்பிப்பது என்பதில் நன்கொடையாளருக்கு எந்தப் பங்கும் இல்லை, அது பல்கலைக்கழகத்தின் முடிவு. இதை நாங்களும் உங்கள் கேள்விக்குப் பிறகுதான் தெளிவாக விசாரித்தோம். இன்னொன்றும் சொல்கிறேன்: லேட்டனின் தகப்பன் ரொபேர்ட் லேட்டன், பிரையன் மல்ரோனியின் பழமைவாத அரசில் அமைச்சராக இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளைதான் புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானார்.

சிலை வைக்கலாமே என்றும் சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1982இல் நகரசபைக்குப் போவதற்கு முன்பே, 1974இலிருந்து, அவர் ரயர்சனில் அரசியல் படிப்பித்தவர். மொன்றியலில் 1989 டிசம்பரில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஆண்களே நிறுத்த வேண்டும் என்று 1991இல் வெள்ளை நாடா இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தெருவில் படுப்பவர்களைப் பற்றி 2000இல் ஒரு புத்தகமே எழுதினார். வாக்குக் கிடைக்கிற விடயங்களா இவை? இப்படிப்பட்டவருக்கு வகுப்பறைதான் பொருத்தம்.

எங்கள் ஆட்களுக்கு 2011 மே தேர்தல் மறக்காது. இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடித்து, ஊன்றுகோலோடு வந்து பிரசாரம் செய்தார். கட்சி 103 இடங்களோடு முதல் தடவையாகப் பிரதான எதிர்க்கட்சியானது. ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்றதும் அன்றுதான், கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர். அதே வருடம் ஓகஸ்ட் 22ஆம் தேதி லேட்டன் போய்விட்டார். வயது 61. நகரசபைக்கு முன்னால் சனம் வண்ணச் சோக்கால் நிலமெல்லாம் எழுதி வைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், பல்கலைக்கழக நன்கொடைப் பிரிவில் எங்களோடு பொறுமையாகப் பேசிய உத்தியோகத்தருக்குத் தனி நன்றி. "கொடுத்த காசை ஏன் உடனே செலவழிக்க மாட்டினம்?" என்று எத்தனை பேர் எங்களைக் கேட்டிருப்பீர்கள்! அவர் விளக்கியதை நாங்கள் ஊர்ப் பாணியில் மாற்றிச் சொன்னோம்: கோயிலுக்கு எழுதிவைத்த வயல் மாதிரி. வயலை விற்க முடியாது, விளைச்சலில்தான் பூசை நடக்கும். கொடுத்த காசு அப்படியே முதலீட்டில் இருக்கும், வருடா வருடம் வருகிற வருமானம்தான் இருக்கையின் செலவுக்குப் போகும். அதனால்தான் இப்படியான நிதிக்குப் பெருந்தொகை தேவைப்படுகிறது, சின்னத் தொகைகள் நிறையவும் தேவைப்படுகின்றன. பத்து டொலரை நீட்டி "இது காணுமோ?" என்று கேட்ட அம்மா, காணும் அம்மா.

படிவத்தைத் தமிழில் எழுதித் தந்த மாணவப் பிள்ளைகளுக்கும், மழைக்குள் எங்களைக் காரில் ஏற்றித் திரிந்த தம்பிக்கும், கூட்டம் வைத்த நாளெல்லாம் வடையும் தேத்தண்ணியும் தந்த வீட்டுக்காரருக்கும் மனமார்ந்த நன்றி.

தவணையில் கொடுப்பதாகச் சொன்னவர்கள் தொடர்ந்து கட்டிவிடுங்கள். வரிக்கான பற்றுச்சீட்டு தபாலில் வரும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் எங்களிடம் தாருங்கள், திருத்தி வாங்கித் தருகிறோம். நம்முடைய நீளப் பெயர்களுக்கு அது நடக்காமல் இராது.

நன்றியுடன்,
படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தவர்களில் ஒருவன்