பேஸ்மேக்கர் ஒயர் பழுதானதற்கு இழப்பீடு கேட்க ஆவணங்களைப் பெற்றுத் தருமாறு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி வட்டம்
(பெயரும் முகவரியும் அம்மாவின் ஒப்புதல் கையெழுத்தும் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: அம்மாவுக்குப் பொருத்திய இதயக் கருவி பழுதானது – சிகிச்சை ஆவணங்களையும் வெளியே எடுத்த ஒயரையும் பெற்றுத்தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 64 வயது. இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போனதால், மூன்று வருடத்துக்கு முன்பு வைகாசியில், கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பேஸ்மேக்கர் வைத்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்தார்கள். சென்ற ஆடியில் இலை பறித்துக்கொண்டிருந்தபோது அம்மா மயங்கி விழுந்தார். செடி மறைத்ததால் பக்கத்து வரிசையில் நின்றவர்களுக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. கொட்டும் மழையில் மேட்டுப்பாளையம் இறங்கி, அதே மருத்துவமனையில் சேர்த்தோம். நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கர் பெட்டியில் கோளாறு இல்லை. பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரின் மேலுறை விட்டுப்போயிருந்தது என்றார்கள். மறுபடி அறுவை சிகிச்சை. பழையதை உருவிவிட்டுப் புது ஒயர் வைத்தார்கள்.

எடுத்த ஒயரைப் பேஸ்மேக்கர் கம்பெனி ஆள் ஒரு கவரில் போட்டு, ஆய்வுக்கு என்று சொல்லிக் கொண்டுபோனார். ரசீது தரவில்லை. அது எங்களுக்கான சாட்சி என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவும் இல்லை. அம்மா கண் விழிப்பாரா என்பதிலேயே இருந்தோம்.

பிறகு விசாரிக்கப் போனபோது இரண்டு பதில்கள் கிடைத்தன. மருத்துவமனையில், "இலவசமாகத்தானே செய்தோம், அப்புறம் என்ன வழக்கு?" என்றார்கள். கம்பெனி ஆளோ, "அரசு அனுமதி பெற்ற கருவி, கேஸ் நிற்காது" என்றார். இரண்டையும் நம்பி ஒரு மாதம் சும்மா இருந்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போன பிறகுதான் விவரம் புரிந்தது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை சிலருக்கு இலவசமாகச் செய்தாலும் அந்தச் சிலரும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினால் அது இலவசச் சிகிச்சையே ஆகாது. இதை உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. கம்பெனி ஆள் சொன்னது அமெரிக்கக் கதை. அங்கே, மத்திய அரசின் முழு ஆய்வுக்குப் பின் அனுமதி பெற்ற கருவிகள்மேல் மாநிலச் சட்டப்படி தொடுக்கும் பெரும்பாலான வழக்குகளுக்கு 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடையானது. நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் அப்படி ஒரு தடை இல்லை. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்து அதனால் உடலுக்குக் கேடு வந்தால் தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் வெளிநாட்டில் இருந்து நம் சட்டத்துக்குள் வரவில்லையென்றால், இங்கே விற்றவரைக் கேட்கலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம் என்பதால் மலை இறங்கவும் வேண்டியதில்லை.

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தும் அந்த ஆணையத்துக்குப் போகாமல் தங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், என்னிடம் காகிதம் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த பேஸ்மேக்கர் அட்டையில் பெட்டியின் எண் இருக்கிறது. ஒயருக்கான இடம் காலியாக இருக்கிறது. அறுவையின்போது ஒயர் டப்பாவிலிருந்து உரித்த, ஒயரின் எண் உள்ள ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில், அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேட்டில், ஒட்டியிருப்பார்கள். அந்த ஒரு பக்கத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். அதே விதிகள் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. இந்த வைகாசியோடு அந்த 3 வருடம் முடிகிறது. இப்போது பங்குனி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உள்ள 2 வருடக் கெடுவிலும் எட்டு மாதம் கரைந்துவிட்டது.

மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருப்பதால் தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லிவிடாமல், கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுகிறேன். முதல் அறுவை, இரண்டாவது அறுவை இரண்டின் முழு கேஸ் ஷீட் நகலும் வேண்டும். எங்களுக்குத் தரும்வரை அசலை அழிக்கக் கூடாது. ஒயர் இப்போது யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஆணையம் ஆய்வுக்கு அனுப்பும்வரை அதை உடைத்துப் பார்க்கக் கூடாது. கம்பெனியே பரிசோதித்து, தானே தன் கருவியில் குறை இல்லை என்று சொன்னால் அதை நாங்கள் எப்படி ஏற்பது?

இன்னொன்று. காசியாபாத்திலிருந்து 2015 முதல் நடக்கும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு இந்தப் பழுதைத் தெரிவித்தார்களா என்று மருத்துவமனையில் கேட்டேன். அதற்கான படிவத்தைப் பற்றியே அங்கே யாருக்கும் தெரியவில்லை. நோயாளி தரப்பும் 1800-180-3024 என்ற எண்ணில் சொல்லலாம் என்பதால் நான் சொல்லிவிட்டேன். ஆனால் ஒயரின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இல்லாத புகாரை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அதே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த ஒயர் குன்னூரிலோ கூடலூரிலோ இன்னொருவர் நெஞ்சுக்குள் இருக்கலாம். பழுதான இடுப்பு மூட்டுக் கருவி விஷயத்தில் 2018இல் மத்திய அரசே 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக் கணக்கு வகுத்தது. அதற்கும் எந்தக் கருவி, எந்த எண் என்று காட்டத்தான் வேண்டியிருந்தது. ஆகவே நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்குப் பேஸ்மேக்கரோடு வருபவர்களின் அட்டையில் ஒயர் எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வைத்த இடத்தில் கேட்டு எழுதித்தர, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

அட்டையின் நகல், இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி, நான் அனுப்பிய மூன்று பதிவுத் தபால்களின் ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அழைத்தால் நான் வருகிறேன். அம்மாவால் படி ஏற முடியாது. அவரிடம் ஏதும் கேட்க வேண்டுமென்றால் தயவுசெய்து கீழ்த்தளத்தில் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கோத்தகிரி