எஸ்.ஏ.டி. எதற்கு?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதாமல் கல்லூரியில் கால்வைக்க முடியாது என்ற தொனியில் உங்கள் ஞாயிறு இதழில் கட்டுரை வந்திருந்தது. இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் விஷயத்தில் அது சரியல்ல. நான் வசிக்கும் கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம். விண்ணப்பத்தில் எந்தப் பள்ளி என்று கேட்கும் இடத்திலேயே, வீட்டில் படித்தவர் என்று குறிக்க வழி உண்டு.

முன்பெல்லாம் சேர்ந்த பிறகுதான் தலைவலி. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தவர்களை அடிப்படை வகுப்பில் உட்காரவைப்பார்கள். காசும் போகும், வருஷமும் போகும். 2017-இல் கையெழுத்தான ஏபி 705 சட்டம் அந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது.

18 வயதுக்கு முன்பே அங்கே ஓரிரு பாடம் படிக்கத்தான் அலைச்சல். படிவத்தில் பள்ளி முதல்வர் கையெழுத்து வேண்டும். வீட்டைத் தனியார் பள்ளியாக ஆண்டுதோறும் அக்டோபர் 1 முதல் 15-க்குள் மாநிலக் கல்வித் துறையில் பதிந்திருந்தால் பெற்றோரே முதல்வர். எங்கள் படிவத்தில் பெற்றோர் நான், முதல்வர் என் மனைவி! கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு கையெழுத்தையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பதிவு நகலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் அக்யுபிளேசர் தேர்வு இன்னும் இருக்கிறது. அதுவும் எந்த வகுப்பில் போடலாம் என்று பார்க்கத்தான். இதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

- ஒரு வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா