பெயர் மட்டும் மாறிய கடிதங்கள்

அன்பு நண்பா,

நலம்தானே? உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்குக் கண்ணாடி போட அலைந்ததில் பதில் தள்ளிப்போனது. கூடப் போன எனக்கும் பவர் ஏறியிருக்கிறதாம்! சரி, அதை விடு.

பதினான்கு பேருக்கு நீ தலைவன் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காதவன் ஆயிற்றே! "மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், வெளியே போனதும் யாருக்கும் எதுவும் நினைவில்லை" என்று புலம்பியிருக்கிறாய். அந்தப் பாடு எனக்கும் தெரியும்.

பொறுப்புக்கு வந்த முதல் வருடக் கடைசியில் எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி மெயில் அனுப்பினேன். தனித்தனியாக என்றால், பெயர் மட்டும் வேறு. இரண்டு நாள் கழித்து, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் இரண்டு பேர் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் "இந்த ஆண்டு முழுவதும் உங்கள்" என்று தொடங்க, மற்றவர் "அயராத உழைப்பு" என்று முடித்தார். முடித்தவர் அந்த ஆண்டில் பாதியை மகப்பேறு விடுப்பில் கழித்தவர். நான் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைக்க ஆரம்பித்தேன். யார் என்ன செய்தார் என்று கண்ணில் பட்டதை ஒரு வரி குறித்துக்கொள்வேன். ஒருநாள் எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒருவரிடம், "நேற்று அந்த வாடிக்கையாளர் கத்தி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசவே இல்லை. நானாக இருந்தால் போனை வைத்திருப்பேன்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவரே வந்து, வேலை சொன்ன தேதிக்கு முடியாது என்று முன்கூட்டியே சொன்னார். முன்பெல்லாம் அது கடைசி நாளில்தான் எனக்குத் தெரியவரும். நம்மிடம் கெட்ட செய்தி சீக்கிரம் வருகிறதா என்று பார், மற்ற கணக்கெல்லாம் அப்புறம்.

தனிப்பட்ட முறையில் பேசுவது என்றால் குடும்பக் கதை விசாரிப்பது என்று நினைத்துவிடாதே. சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குக் கூச்சமாக இருக்கும். இந்திரா நூயி பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, தன்கீழ் பணியாற்றிய உயர் அதிகாரிகளின் பெற்றோருக்கே கடிதம் எழுதினார். பெற்றோர் பூரித்துப்போனார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் என் மேலதிகாரி என் அப்பாவுக்கு எழுதியிருந்தால், "உண்மையைச் சொல், என்ன செய்தாய்?" என்றுதான் அவர் முதலில் கேட்டிருப்பார்.

எனக்குப் பிடித்தது லிங்கன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் விக்ஸ்பர்க் நகரைக் கைப்பற்றிய தன் படைத்தளபதி ஜெனரல் கிராண்டுக்கு 1863 ஜூலை 13 அன்று ஒரு கடிதம் எழுதினார். நாம் நேரில் சந்தித்ததாக நினைவில்லை என்றுதான் தொடங்குகிறார். நன்றி சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. நீங்கள் ஆற்றோடு கீழே போய் இன்னொரு படையுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணினேன், வடக்கே திரும்பியதும் தவறோ என்று பயந்தேன், நீங்கள் செய்ததே சரி, நான்தான் தவறு என்று எழுதிவிட்டார். முகம் பார்க்காத ஆளுக்கு, அவர் எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினார் என்பதுவரை சொல்லி! இதைப் பெயரை மாற்றி வேறு ஒருவருக்கு அனுப்ப முடியுமா?

மறுநாள் ஜூலை 14. எதிரிப்படையைத் தப்பவிட்ட தன் இன்னொரு தளபதி ஜெனரல் மீடுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அதை அனுப்பவே இல்லை. உறைமேல் "அனுப்பவுமில்லை, கையெழுத்திடவுமில்லை" என்று எழுதி வைத்துவிட்டார். போன மாதம் குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லோர் முன்னாலும் ஒருவரைக் கடிந்துகொண்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்கு இந்த உறைதான் ஞாபகம் வந்தது. அவரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடு. குழுவில் போட்டதற்குக் குழுவிலேயே ஒரு வரி வருத்தமும் தெரிவித்துவிடு.

இன்னொன்று. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். யார் கணக்கில் கெட்டி, யார் தாமதமாக வருகிறார் என்று நீ சொல்லியிருப்பதை எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள். மீதி இரண்டு பேர் யார்? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்