விரல் இழந்தவர் மீதே பழியா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை இதழில், மரப்பட்டறையில் இளைஞர் ஒருவரின் இரண்டு விரல்கள் துண்டான செய்தி, 'கவனக்குறைவாக வேலை செய்தபோது' என்று தொடங்கியது. உங்கள் நிருபரிடம் இதைச் சொன்னது யார்? மெஷினில் காப்பு மூடி இருந்ததா என்று அவர் கேட்டதாகவே தெரியவில்லை. அந்தப் பையனின் வீட்டாரும் அதைப் படித்திருப்பார்கள்.

தலைமுறைகளாகத் தச்சு வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. என் சித்தப்பாவைவிடக் கவனமான ஆசாரி எங்கள் ஊரில் இருந்ததில்லை. ஈரம் காயாத வேப்பம்பலகையை, சுழலும் வட்டு ரம்பத்தில் நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தார். அறுபட்ட பிளவு பின்னால் இறுகி வட்டைக் கவ்வியது. பலகை எகிறி அவர் வயிற்றில் அடித்தது. தள்ளிக்கொண்டிருந்த கை ரம்பத்தின் மேலேயே விழுந்தது. பத்து அங்குல வட்டு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். அதற்கு முன் மனிதனுடைய கவனம் என்ன செய்யும்? பிளவு இறுகாமல் வட்டுக்குப் பின்னால் நிற்கும் ஓர் இரும்புத் தகடு, மேலே ஒரு மூடி, பலகையைத் தள்ள ஒரு கட்டை. இவை இருந்திருந்தால் அவர் கை தப்பியிருக்கும்.

ஆபத்தான எந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆவது பிரிவில் சொன்னது தாங்கள் அறியாததல்ல. மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் வந்தது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 பேர் என்று உயர்த்திவிட்டது. எங்கள் பட்டறைகளில் இருப்பது மூன்று நான்கு பேர். அந்த மாற்றத்தைச் சீர்திருத்தம் என்று தலையங்கம் எழுதி வரவேற்றீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இணைப்பிதழில் ஒருமுறை, ரம்பத்தில் வேலை செய்வோர் கையுறை அணிய வேண்டும் என்றும் எழுதினீர்கள். சுழலும் வட்டில் கையுறை சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். மறுத்து நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. சுட்டுவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம்தான் இழப்பு என்கிறது இழப்பீட்டு அட்டவணை. உளி பிடிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று எந்தப் பத்திரிகையும் கேட்டதில்லை.

இனி இத்தகைய செய்தி வந்தால், மூடியும் தகடும் இருந்தனவா என்று ஒரு வரி சேருங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. இதையும் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரத்தச்சர் ஒருவர்,
செங்கோட்டை.