திருப்புகழுக்குப் போலீஸா? கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை அபிஷேகத்தின்போது நானும் அங்கேதான் இருந்தேன். இங்கே அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அந்தப் பெரியவர் திருப்புகழ் பாடினார். சுருதி சேரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் குரல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அர்ச்சகர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர், "வழிபாட்டுக்கு இடைஞ்சல் செய்வது வட கரோலினாவில் குற்றம், அடுத்த முறை போலீஸுக்கு 911-ஐக் கூப்பிடலாம்" என்று எழுதினார். நான்கைந்து பேர் அதற்குக் கட்டைவிரலும் உயர்த்தியிருந்தீர்கள்.

சட்டம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இந்த மாநிலச் சட்டத்தில், பொது அமைதியைக் கெடுப்பது பற்றிய 14-288.4ஆம் பிரிவில் வழிபாட்டைக் குலைப்பதும் வருகிறது. ஆனால் அதே பிரிவின் தொடக்கத்தில் 'வேண்டுமென்றே' என்ற பொருளில் ஒரு சொல் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய்ப் படித்தால் எப்படி?

அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று இந்த மாநில உச்ச நீதிமன்றம் 1873-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கு நடந்த ஊர், மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் லம்பர்ட்டன். வில்லியம் லிங்க்ஹா என்பவர் அங்கே மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். பாட்டின் ஒவ்வொரு பகுதியும் முடிந்து மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் இவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். பாதிப் பேருக்குச் சிரிப்பு, மீதிப் பேருக்குக் கோபம். ஒரு முறை போதகர் பாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டார். கெஞ்சிக் கேட்டும் லிங்க்ஹா நிறுத்தவில்லை. பாடுவதும் என் வழிபாட்டில் சேர்ந்த கடமை என்றார். வழக்குப் போட்டார்கள். ஒரு சாட்சி அவர் பாடுவதுபோலவே பாடிக்காட்ட, கோர்ட்டே சிரித்து அடங்க நேரமானது. ஜூரி குற்றவாளி என்றது. அப்பீலில் அது நிற்கவில்லை. இடையூறு செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. இவரைச் சபை கண்டிக்கலாம், கோர்ட் தண்டிக்க முடியாது என்று நீதிபதி செட்டில் எழுதினார்.

சபை என்றால் இங்கே நீங்கள்தான்.

வேறு மாநிலங்களிலும் கதை இதுதான். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவானாலும், ஓராண்டுவரை சிறை என்று மிரட்டும் மாசசூசெட்ஸ் சட்டமானாலும், மனதறிந்து செய்தால்தான் குற்றம். ஒலிபெருக்கியோடு உள்ளே நுழைந்து பூஜையை நிறுத்தப் பார்க்கிறவருக்காக இருக்கிற சட்டம் இது. அப்படி ஒருவர் வந்தால் 911-ஐ முதலில் அழைப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொன்று. பெரியவர் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். கைதானதுண்டா என்று விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போலீஸ் வந்து கைதுசெய்துவிட்டால், வழக்கு நிற்காமல் போனாலும் அந்தக் கேள்விக்கு அவர் 'ஆமாம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பேரனைப் பார்க்க மறுபடி வரமுடியுமா என்பது அதற்கப்புறம் தூதரகத்தின் கையில்.

சரி, என்னதான் செய்வது? அவரிடம் யாரும் இதுவரை நேரில் பேசவே இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மற்றவர்கள் நிறுத்துவது அவருக்குக் கேட்பதில்லை. வரும் வெள்ளி நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடியும்போது கையைத் தொட்டுச் சொல்கிறேன். அபிஷேகம் ஆனபின் அவர் தனியாகப் பாட ஐந்து நிமிடம் கொடுங்கள். நம்மில் பலர் செல்போனைப் பார்த்துப் பாடும் பாடல்கள் அவருக்கு மனப்பாடம்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகனும் இருக்கிறார். அங்கேயே ஒரு வரி வருத்தம் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஒரு பக்தன்