ஜெர்மன் சொற்களை ஆர்ட்டிகிளோடு அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ஜெர்மன் மொழி கற்போருக்காக வெளியாகும் சொற்பட்டியலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சொற்களைத் தேர்ந்தெடுத்திருக்கும் விதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெயர்ச்சொற்கள் எல்லாம், முன்னால் நின்று பாலைக் காட்டும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் அல்லாதது) என்ற ஆர்ட்டிகிள் இல்லாமல் மொட்டையாக அச்சாகின்றன. பால் வேறுபாட்டுக்கு விதி ஏதும் இல்லை என்றும், முதலில் சொல்லைப் படித்தால் ஆர்ட்டிகிள் போகப் போகத் தானே வந்துவிடும் என்றும் ஓர் அறிவுரையும் உடன் தரப்பட்டிருந்தது. இந்த மொழியைக் கற்பிப்பவள் என்ற முறையில், அந்த அறிவுரையின் இரண்டு பகுதிகளையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் பால் என்பது பொருளைப் பொறுத்து அமைவது. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, ஏனையவை அஃறிணை என்று நன்னூல் வகுத்திருப்பதால், ஒரு சொல்லின் பொருள் தெரிந்தாலே அதன் பாலும் தெரிந்துவிடுகிறது. அதை யாரும் தனியாக மனப்பாடம் செய்ததில்லை. ஜெர்மனிலோ பால் சொல்லுக்கு உரியது. கரண்டியைக் குறிக்கும் லோஃபல் ஆண்பால், முள்கரண்டியைக் குறிக்கும் காபல் பெண்பால், கத்தியைக் குறிக்கும் மெஸ்ஸர் இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பால். சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் என்ற சொல்லே பெண்பால் இல்லை, டாஸ் வகை என்று அறியும்போது மாணவர்கள் திகைத்துப் போகிறார்கள். காரணத்தைச் சிறுமியிடம் தேடுவதால் வரும் திகைப்பு அது. ஷென் என்ற பின்னொட்டில் முடிந்து, சிறியது என்ற பொருள் தரும் பெயர்கள் யாவும் டாஸ் வகை என்பதுதான் காரணம். லைன் என்ற பின்னொட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

விதி இல்லை என்ற கூற்று இங்கேயே அடிபட்டுப் போகிறது. உங், ஹைட், கைட், ஷாஃப்ட், டேட் ஆகிய பின்னொட்டுகளில் முடியும் சொற்கள் பெண்பால். செய்தித்தாளைக் குறிக்கும் ட்ஸைடுங், குடியிருப்பைக் குறிக்கும் வோனுங், சுதந்திரத்தைக் குறிக்கும் ஃப்ரைஹைட் எல்லாம் இதில் அடங்கும். (தாண்டுதலைக் குறிக்கும் ஷ்ப்ருங் ஆண்பால்தான், அதிலுள்ள உங் பின்னொட்டு அன்று, சொல்லின் உடலே அது.) லிங், இஸ்முஸ் என முடிபவை ஆண்பால். கிழமைப் பெயர்களும் மாதப் பெயர்களும் ஆண்பால். வினைச்சொல்லை அப்படியே பெயராக்கினால் டாஸ் வகை. கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்லின் பாலே முழுச்சொல்லுக்கும் வரும். எனவே டாஸ் ஹௌஸ், டீ ட்யூர் என்ற இரண்டும் சேர்ந்து வாசற்கதவைக் குறிக்கும்போது டீ ஹௌஸ்ட்யூர் ஆகிறது. எ என்ற ஒலியில் முடிபவை பெரும்பாலும் பெண்பால் என்றாலும், டெர் நாமெ, டாஸ் ஔகெ போன்றவை குறுக்கிடுவதால் அதை முழுமையாக நம்ப இயலாது. மேசையைக் குறிக்கும் டிஷ் போன்ற குறுஞ்சொற்களை நெட்டுருப் போடத்தான் வேண்டும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதைவிடக் கேடான அறிவுரை. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரின் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. ஜெர்மனில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஆர்ட்டிகிள்தான் செய்கிறது. புத்தகம் மேசைமேல் இருக்கிறது என்றாலும், புத்தகத்தை மேசைமேல் வைக்கிறேன் என்றாலும் தமிழில் மேசைமேல் என்பது மாறுவதில்லை. ஜெர்மனில் முதலாவது ஔஃப் டெம் டிஷ், இரண்டாவது ஔஃப் டென் டிஷ். டிஷ் ஆண்பால் என்று தெரியாதவர் இவற்றில் எதைச் சொல்வார்? பள்ளியைக் குறிக்கும் ஷூலெ பெண்பால். ஆனால் பள்ளியில் என்று சொல்லும்போது அது இன் டெர் ஷூலெ ஆகிவிடும். சொல்லை டீ ஷூலெ என்று முதலிலேயே படிக்காதவர் இந்த டெர் என்பதைப் பார்த்து அதை ஆண்பால் என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார், அது பின்னர் எளிதில் அழிவதில்லை. ஒரு என்ற பொருளில் வரும் ஐன் இவரைக் காப்பாற்றாது, ஏனெனில் ஆண்பாலுக்கும் மூன்றாவது பாலுக்கும் எழுவாயில் அது ஒன்றே. அடைமொழியின் ஈறு, சுட்டுப் பெயர் எனப் பின்னால் வரும் யாவும் பாலையே சார்ந்திருப்பதால், தொடக்கத்தில் விட்ட இடைவெளி வாக்கியத்துக்கு வாக்கியம் வெளிப்படும்.

பொருளே மாறும் இடங்களும் உண்டு. டெர் லைட்டர் என்றால் தலைவர், டீ லைட்டர் என்றால் ஏணி. டெர் ஸே ஏரி, டீ ஸே கடல். தங்கள் பட்டியலில் லைட்டர் என்ற சொல்லுக்கு எதிரே தலைவர் என்று மட்டும் இருந்தது. ஜெர்மானியர்களே யோகர்ட்டுக்கு எந்த ஆர்ட்டிகிள் என்பதில் ஒத்துப்போவதில்லை, கோலா ஜெர்மனியில் டீ, ஆஸ்திரியாவில் டாஸ் என்பதெல்லாம் உண்மைதான். அத்தகைய சொற்கள் மிகச் சிலவே, அவற்றைக் காட்டிப் பாடத்தைத் தள்ளிப்போட முடியாது.

எனவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஆர்ட்டிகிளோடும் பன்மை வடிவத்தோடும் அச்சிட வேண்டுகிறேன். பன்மையில் மூன்று பாலுக்கும் டீ என்ற ஒரே ஆர்ட்டிகிள் வருவதால், ஒருமையைக் காட்டாமல் பன்மையை மட்டும் தருவதால் பயனில்லை. ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் நிறுவனமான கோத்தே இன்ஸ்டிட்யூட் தன் தேர்வுகளுக்கு வெளியிடும் சொற்பட்டியல்களில் ஆர்ட்டிகிள், பன்மை இரண்டும் தரப்பட்டிருப்பதைத் தங்கள் பக்கத்தைத் தயாரிப்பவர்கள் பார்க்கலாம். இடப் பற்றாக்குறை இருப்பின் சொற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் குறையில்லை. இதுவரை வெளியான சொற்களையும் திருத்திய வடிவில் ஒருமுறை மறுபதிப்புச் செய்தால், அவற்றைக் கத்தரித்து வைத்திருக்கும் மாணவர்கள் இப்போதே சரிசெய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி ஆசிரியை ஒருவர்